விரல் நிற்க மாட்டேன் என்கிறதே!

சமூக வலைதளப் பழக்கம் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் மனநல ஆலோசகர்கள் பதில் சொல்கிறார்கள். பெயர் போட வேண்டாம் என்று கேட்டவர்களே அதிகம் என்பதால் எல்லோருக்கும் ஊர் மட்டும் தந்திருக்கிறோம்.

வீட்டு வேலை முடிந்து பிள்ளைகள் தூங்க இரவு 10.30 ஆகிவிடும். பத்து நிமிஷம் பார்க்கலாம் என்று போனை எடுப்பேன். நிமிர்ந்து பார்த்தால் மணி 1. காலை 5 மணிக்கு எழுந்தாக வேண்டும். பகல் முழுக்க எரிச்சல், பிள்ளைகள் மேல் கத்தல். எனக்குக் கட்டுப்பாடே இல்லையா?
*– வாசகி, நாமக்கல்*

சகோதரி, முதலில் உங்களை நீங்களே திட்டிக்கொள்வதை நிறுத்துங்கள். திட்டிக்கொண்டவர்கள் அடுத்த நாள் குறைவாகப் பார்ப்பதில்லை. மனம் நொந்துபோய் இன்னும் அதிகமாகத்தான் பார்க்கிறார்கள்.

இதில் இரண்டு விஷயங்கள் பின்னிக் கிடக்கின்றன. ஒன்று, செயலியின் அமைப்பு. அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர் புறாக்களை வைத்துச் சோதனை செய்தார். பலகையைக் கொத்தினால் தீனி விழும். எந்தக் கொத்துக்கு விழும் என்று தெரியாதபடி வைத்தபோது புறாக்கள் ஓயாமல் கொத்தின. ரீல்ஸும் அப்படித்தான். எட்டு வீடியோ சப்பென்று போகும், ஒன்பதாவது சிரிக்க வைக்கும். அடுத்த நல்லது எப்போது வரும் என்று தெரியாததால்தான் விரல் தள்ளிக்கொண்டே இருக்கிறது. முன்பெல்லாம் இணையப் பக்கத்தின் அடியில் 'அடுத்த பக்கம்' என்று ஒரு பொத்தான் இருக்கும். அங்கே கை ஒரு நொடி நிற்கும், போதும் என்று தோன்றும். முடிவே இல்லாமல் பக்கம் ஓடும் முறையை 2006-ல் உருவாக்கியவர் ஆசா ராஸ்கின். பின்னாளில் அதற்காக அவரே வெளிப்படையாக வருந்தினார். நிற்க ஓர் இடம் இல்லாத பாதையில் நீங்கள் நிற்கவில்லை, அவ்வளவுதான்.

இரண்டாவது, உங்கள் நாளின் அமைப்பு. இதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. காலை 5 முதல் இரவு 10.30 வரை உங்களுக்கென்று ஒரு நிமிஷம்கூட இல்லை. யாரும் 'அம்மா' என்று கூப்பிடாத முதல் நேரமே அதற்குப் பிறகுதான் வருகிறது. தூக்கத்தைத் திருடியாவது அந்த நேரத்தை மனம் எடுத்துக்கொள்கிறது. போனை மட்டும் பிடுங்கிவிட்டு அந்தப் பசியை அப்படியே விட்டால் நான்காம் நாள் பழக்கம் திரும்பிவிடும்.

ஆகவே முதல் வேலை, உங்கள் நேரத்தை முன்னால் கொண்டுவருவது. வாரத்தில் மூன்று நாளாவது பிள்ளைகளைத் தூங்க வைக்கும் பொறுப்பைக் கணவர் எடுத்துக்கொள்ளட்டும். 9.30 முதல் 10 மணி வரை உங்களுடையது. போன்தான் பார்க்க வேண்டும் என்றால் தாராளமாகப் பாருங்கள், ஆனால் நாற்காலியில் உட்கார்ந்து. படுத்துக்கொண்டு பார்த்தால் உடம்பு எங்கேயும் வலிக்காது, நிறுத்தச் சொல்லி ஒரு அறிகுறியும் வராது. உட்கார்ந்திருந்தால் அரை மணியில் கழுத்தும் இடுப்பும் சொல்லிவிடும்.

அடுத்தது சார்ஜர். அது படுக்கையறையில் இருக்கவே கூடாது. சமையலறையில் மிக்ஸி பக்கத்து பிளக்கில் மாட்டிவிடுங்கள். அலாரத்துக்காகப் போன் வேண்டும் என்ற காரணம் உடனே வரும், அதற்குத் தனியாக ஓர் அலாரம் கடிகாரம் வாங்கிவிடுங்கள். இந்த ஒரு மாற்றத்தை மட்டும் செய்து வேறெதையும் செய்யாதவர்களுக்குக்கூடப் பலன் கிடைக்கிறது.

ஒரே நாளில் 1 மணியிலிருந்து 10-க்கு வர முயல வேண்டாம். மூன்று நாளைக்கு ஒருமுறை அரை மணி முன்னால் தள்ளுங்கள்: 12.30, 12, 11.30. முதல் சில இரவுகள் தூக்கம் வராமல் புரளுவீர்கள். அது இயல்பு. இருபது நிமிஷம் படுத்தும் வரவில்லையென்றால் எழுந்து, மங்கலான வெளிச்சத்தில் துணி மடியுங்கள். கண் சொக்கியதும் போய்ப் படுங்கள். மிக்ஸி பக்கம் மட்டும் போகாதீர்கள்.

பிள்ளைகள் மேல் கத்துவதற்குப் பெரும் காரணம் அந்த நான்கு மணி நேரத் தூக்கம்தான். பெரியவர்களுக்குக் குறைந்தது 7 மணி நேரம் வேண்டும். தூக்கம் குறைந்தால் மனதை அடக்கும் சக்தியும் குறையும், மறுநாள் இரவு நிறுத்துவது இன்னும் கடினமாகும். இந்தச் சுற்றை உடைக்கத் தூக்கத்தின் பக்கமிருந்து தொடங்குவதே சுலபம்.

குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறேன். 20 நிமிஷம் படித்தால் 40 நிமிஷம் ரீல்ஸ் ஓடுகிறது. இன்ஸ்டாகிராமை அழித்துவிட்டு மறுபடி ஏற்றியது ஏழெட்டு முறை இருக்கும்.
*– வாசகர், மேலூர்*

தம்பி, செயலியை அழிப்பதால் உங்களுக்குக் கிடைப்பது ஒரு நிமிஷத் தாமதம்கூட இல்லை. பிளே ஸ்டோர், இன்ஸ்டால், சேமித்து வைத்த பாஸ்வேர்டு, உள்ளே போய்விட்டீர்கள். தாமதத்தை நீட்ட வேண்டும். பாஸ்வேர்டை 16 எழுத்துள்ள, மனப்பாடம் செய்ய முடியாத ஒன்றாக மாற்றித் தாளில் எழுதுங்கள். போனில் சேமித்திருப்பதை நீக்கிவிட்டு, கணக்கிலிருந்து வெளியேறி, பிறகு செயலியை அழியுங்கள். தாள் அக்காவிடமோ நண்பரிடமோ இருக்கட்டும். ஓடிபி வாங்கிப் புதிய பாஸ்வேர்டு போட முடியும்தான், ஆனால் அதற்குச் சில நிமிஷம் ஆகும். பார்க்க வேண்டும் என்ற உந்துதல் எழுந்து, உச்சிக்குப் போய், பெரும்பாலும் சிறிது நேரத்தில் தானே தணிந்துவிடும். அதுவரை தள்ளிப்போட்டால் போதும்.

இதைவிட முக்கியமான ஒன்று. மேஜையில் ஒரு வெள்ளைத் தாள் வையுங்கள். கை போனைத் தேடும் ஒவ்வொரு முறையும் ஒரு கோடு போட்டு, அந்த நேரத்தில் எந்தப் பாடத்தில் இருந்தீர்கள் என்று எழுதுங்கள். ஒரு வாரம் போதும். கோடுகள் எல்லாப் பாடத்திலும் சமமாக விழாது. தமிழில் இரண்டு, வரலாற்றில் மூன்று, கூட்டு வட்டியில் பதினான்கு என்று இருந்தால், அங்கே கையை இழுப்பது அந்தக் கணக்கைப் பார்த்து வரும் பயம். ரீல்ஸ் அந்தப் பயத்திலிருந்து தப்பிக்கும் வழி. அந்தப் பாடத்தை விடை தெரிந்த இரண்டு கணக்குகளை அப்படியே எழுதிப் பார்ப்பதில் தொடங்குங்கள். தொடங்கிவிட்டால் பாதி இழுப்பு போய்விடும்.

25 நிமிஷம் படித்து 5 நிமிஷம் ஓய்வு எடுப்பது நல்ல முறை. ஆனால் அந்த ஐந்து நிமிஷத்தில் போன் வேண்டாம். ரீல்ஸ் பார்த்துவிட்டுத் திரும்பினால் மனம் கடைசி வீடியோவிலேயே நிற்கும், புத்தகத்தில் ஒரே வரியை மூன்று முறை படிப்பீர்கள். மொட்டை மாடியில் நடங்கள், தண்ணீர் குடியுங்கள். டெலிகிராமில் வந்த பிடிஎஃப்களை ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்துவிடுங்கள், பள்ளிப் பாடநூல்களைப் புத்தகமாகவே வைத்துக்கொள்ளுங்கள். 'நோட்ஸ் பார்க்கத்தான் எடுத்தேன்' என்பதுதான் பாதி நேரம் வாசல். யூடியூப் வகுப்பு தவிர்க்க முடியாது என்றால், அதில் 'வாட்ச் ஹிஸ்டரி'யை அழித்து நிறுத்திவிடுங்கள். பரிந்துரைகள் போய் முகப்பு காலியாகிவிடும். எந்த வகுப்பு வேண்டுமோ அதைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

இதை ஒரு நோய் என்று சொல்லலாமா? எத்தனை மணி நேரம் பார்த்தால் அடிமை?
*– வாசகர், தஞ்சாவூர்*

உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் (11-ஆம் பதிப்பு, 2022 முதல் நடைமுறை) வீடியோ கேம் அடிமைத்தனம் இருக்கிறது. சமூக வலைதளப் பழக்கம் தனி நோயாக இல்லை. அதனால் பாதிப்பே இல்லை என்று பொருள் இல்லை.

மணி நேரம் நல்ல அளவுகோல் கிடையாது. நார்வேயின் பெர்கன் பல்கலைக்கழகத்தில் உருவான ஓர் அளவுகோலில் ஆறு கேள்விகள் உண்டு. கடந்த ஓராண்டை நினைத்துப் பதில் சொல்ல வேண்டும். பார்க்காத நேரத்திலும் நினைப்பு அதிலேயே இருக்கிறதா? முன்பைவிட அதிகம் தேவைப்படுகிறதா? கவலையை மறக்கத்தான் அதற்குள் போகிறீர்களா? குறைக்க முயன்று தோற்றிருக்கிறீர்களா? பார்க்க முடியாவிட்டால் பதற்றம் வருகிறதா? வேலையோ படிப்போ கெட்டிருக்கிறதா? இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு 'அடிக்கடி' என்பது உங்கள் பதிலானால் கவனிக்க வேண்டிய நிலைக்கு வந்துவிட்டீர்கள். இது முதல் சல்லடை மட்டுமே. முடிவைச் சொல்ல வேண்டியவர் மருத்துவர்.

மகளுக்கு 14 வயது. போட்டோ போட்டுவிட்டு நிமிஷத்துக்கு நிமிஷம் பார்க்கிறாள், லைக் குறைந்தால் எடுத்துவிடுகிறாள். 'நான் கறுப்பு, குண்டு' என்று அழுகிறாள். போனைப் பிடுங்கி வைத்துவிட்டேன். சரிதானே?
*– ஒரு தாய், தூத்துக்குடி*

உங்கள் பதைப்பு புரிகிறது. ஆனால் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வேறு வழியில் போவோம். காரணம் சொல்கிறோம்.

இந்த வயதுப் பெண் பிள்ளைகளுக்கு இணையத்தில் நேரும் மிகப் பெரிய ஆபத்து லைக் எண்ணிக்கை கிடையாது. யாராவது படத்தை வைத்து மிரட்டுவதுதான் அது. அப்படி ஒன்று நடக்கும்போது, 'அம்மாவிடம் சொன்னால் போன் போய்விடும்' என்ற ஒரே பயத்தில் பிள்ளைகள் வாயை மூடிக்கொள்கிறார்கள், மிரட்டுபவன் கேட்டதைக் கொடுக்கிறார்கள். ஆகவே இன்று இரவே அவளிடம் சொல்ல வேண்டியது இது: "எது நடந்தாலும், நீயே தப்பு செய்திருந்தாலும், என்னிடம் சொன்னதற்காகப் போனை வாங்க மாட்டேன்." சொன்னபடி நடந்துகொள்ளுங்கள். மிரட்டல் வந்தால் எதையும் அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு, பணம் கொடுக்காமல், சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.

தோற்றம் பற்றிய அழுகைக்கு வருவோம். உடல் தோற்றம் குறித்து ஏற்கெனவே சங்கடப்படும் பதின்வயதுப் பெண்களில் மூவரில் ஒருவருக்கு இன்ஸ்டாகிராம் அதை மேலும் மோசமாக்குகிறது என்று அந்த நிறுவனத்தின் உள் ஆய்விலேயே இருந்தது. முன்னாள் ஊழியர் பிரான்சிஸ் ஹாகன் வெளியிட்ட ஆவணங்கள் மூலம் 2021-ல் அது உலகுக்குத் தெரிந்தது. ஆகவே உங்கள் மகள் நடிக்கவில்லை, பிடிவாதம் பிடிக்கவில்லை. அவளுடன் உட்கார்ந்து அவள் பின்தொடரும் கணக்குகளைப் பாருங்கள். திட்டாமல், ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்வி: "இதைப் பார்த்த பிறகு உனக்கு எப்படி இருக்கும்?" பார்த்ததும் மனம் சுருங்கும் கணக்குகளை அவளே நீக்கட்டும். வெள்ளையாக்கும் கிரீம், உடம்பைக் குறைக்கும் டயட் வீடியோக்களில் 'ஆர்வமில்லை' என்று அழுத்தச் சொல்லுங்கள். விடாமல் செய்தால் வருவது மெல்ல மாறும். லைக் எண்ணிக்கையை மறைக்கும் வசதியும் 2021 முதல் இருக்கிறது.

கணக்கில் பிறந்த ஆண்டு சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். பல பிள்ளைகள் 18 என்று பொய் சொல்லித் தொடங்கியிருப்பார்கள். சரியான வயது இருந்தால் பதின்வயதினருக்கான பாதுகாப்புக் கணக்காக அது மாறும்: தெரியாதவர்கள் செய்தி அனுப்ப முடியாது, தினமும் 60 நிமிஷத்தில் நினைவூட்டல் வரும், இரவு 10 முதல் காலை 7 வரை நோட்டிஃபிகேஷன் அடங்கிவிடும். 16 வயதுக்குள் இதைத் தளர்த்தப் பெற்றோர் அனுமதி வேண்டும்.

எவ்வளவு நேரம் என்று கேட்பீர்கள். அமெரிக்காவின் தலைமை மருத்துவ அதிகாரியாக இருந்த விவேக் மூர்த்தி 2023 மே மாதம் வெளியிட்ட எச்சரிக்கையில், நாளொன்றுக்கு 3 மணி நேரத்துக்கு மேல் செலவிடும் பதின்வயதினருக்கு மனச்சோர்வு, பதற்றம் போன்ற சிக்கல்களின் ஆபத்து இரண்டு மடங்கு என்று சொல்லியிருந்தார். இது தொடர்புதான், இதனால்தான் அது வந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. மனம் சோர்ந்த பிள்ளைகள் அதிகம் பார்ப்பதும் அதில் கலந்திருக்கிறது. ஆகவே மணிக்கணக்கைவிட இவற்றைக் கவனியுங்கள்: சாப்பாட்டைத் தவிர்க்கிறாளா, தோழிகளை நேரில் பார்ப்பது குறைந்ததா, கை கால்களில் காயம் இருக்கிறதா. இருந்தால் தாமதிக்காமல் மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

கடைசியாக ஒன்று. இரவு 9.30-க்கு எல்லாப் போனும் ஹாலில் ஒரே இடத்தில் என்று வைத்தால், அதில் உங்கள் போனும் அவள் அப்பா போனும் இருக்க வேண்டும். வீட்டில் உள்ளவர்கள் நிறத்தைப் பற்றி, உடம்பைப் பற்றிக் கிண்டல் செய்வதும் அன்றே நிற்க வேண்டும். 'கறுப்பு, குண்டு' என்ற சொற்கள் ரீல்ஸில் மட்டும் கேட்டவையாக இருக்காது.

ஆரி ஒர்க் பிளவுஸ் தைத்து இன்ஸ்டாகிராமில் விற்கிறேன். தொழிலே அதில்தான், விட முடியாது. ஆனால் ஆர்டர் பார்க்கப் போய் மற்றவர்கள் வேலையைப் பார்த்துப் பார்த்து மனசே விட்டுப்போகிறது. ஊசி ஓட மாட்டேன் என்கிறது.
*– வாசகி, ஈரோடு*

விட வேண்டாம், பிரித்துவிடுங்கள். தொழில் கணக்கு ஒரு பழைய போனில், அது தையல் மெஷின் இருக்கும் அறையில் மட்டும். உங்கள் கைப்போனில் அந்தச் செயலி இருக்கவே வேண்டாம். இரண்டாவது போன் இல்லையென்றால் சொந்தக் கணக்கை நிறுத்திவிட்டு, தொழில் கணக்கில் வாடிக்கையாளரையும் நூல், ஜர்தோசி விற்பவர்களையும் மட்டும் பின்தொடருங்கள்.

நேரம் குறியுங்கள்: காலை 11, மாலை 5, ஒவ்வொன்றும் 30 நிமிஷம். நடுவில் வரும் விசாரிப்புகளுக்கு வாட்ஸ்அப் பிசினஸில் தானியங்கிப் பதில் வையுங்கள்: 'தையலில் இருக்கிறேன். 5 மணிக்குப் பதில் சொல்கிறேன்.' எப்போதும் கேட்கும் விலை, நாள், அளவு எடுக்கும் முறை ஆகியவற்றை 'குவிக் ரிப்ளை'யாகச் சேமித்துவிட்டால் தட்டச்சு நேரமும் மிச்சம். ஒரு வாரத்துக்கான படங்களை ஞாயிறன்றே ஏற்றி, மெட்டா பிசினஸ் சூட்டில் நாள் குறித்துவிடுங்கள். பிறகு படம் போடுவதற்காக உள்ளே போக வேண்டியதில்லை. டிசைன் தேடுவதைத் தனி வேலையாக வாரம் ஒரு மணி நேரம் வையுங்கள். தைக்க உட்காருவதற்கு முன்னால் மட்டும் அது வேண்டவே வேண்டாம்.

நோட்டுப் புத்தகத்தில் லைக்கை எழுதாதீர்கள். எத்தனை பேர் விசாரித்தார்கள், எத்தனை பேர் முன்பணம் கொடுத்தார்கள் என்று எழுதுங்கள். 4,000 லைக் வாங்கிய பிளவுஸுக்கு ஓர் ஆர்டரும் வராமல் இருக்கலாம், 60 லைக் வாங்கியதற்கு மூன்று வரலாம். அடுத்தவர் கணக்கில் நீங்கள் பார்ப்பது நல்ல வெளிச்சத்தில் எடுத்த, தப்பே இல்லாத படங்கள். அவர்கள் பிரித்துப் பிரித்து மறுபடி போட்ட தையல் அதில் தெரியாது.

அப்பா ஓய்வு பெற்றவர், 66 வயது. அதிகாலை 4 மணிக்கே வாட்ஸ்அப் குரூப்பில் ஃபார்வர்டு அனுப்பத் தொடங்கிவிடுகிறார். செய்தி பார்த்துவிட்டு நாள் முழுக்கக் கோபமாக இருக்கிறார்.
*– வாசகி, கும்பகோணம்*

அவர் 40 ஆண்டு ஓர் அலுவலகத்தில் பத்துப் பேருடன் பேசியவர். அந்தப் பேச்சு நின்றுபோன இடத்தில்தான் குரூப் உட்கார்ந்திருக்கிறது. கேலி செய்யாதீர்கள். சண்டை வரும் இரண்டு மூன்று குரூப்புகளை மட்டும் அவர் சம்மதத்துடன் 'மியூட்' செய்து ஆர்க்கைவில் போடுங்கள், பழைய நண்பர்கள் குரூப் அப்படியே இருக்கட்டும். காலை 6 மணிக்கு யாருடனாவது நடை, பத்து மணிக்கு நூலகத்தில் பத்திரிகை என்று ஆள் முகம் பார்க்கும் இரண்டு வேலை வேண்டும். 4 மணி விழிப்பு புதிதாக வந்ததா, பசியும் குறைந்திருக்கிறதா என்று கேளுங்கள். முதியவர்களின் மனச்சோர்வு பல நேரம் கோபமாகவும் அதிகாலை விழிப்பாகவும்தான் வெளிப்படும்.

போன் திரையைக் கறுப்பு வெள்ளையாக்கினால் பலன் உண்டா? நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடி?
*– வாசகர், சேலம்*

கறுப்பு வெள்ளை சிலருக்கு உதவுகிறது, செலவும் இல்லை, முயலுங்கள். கண்ணாடிக்குப் பணம் செலவழிக்க வேண்டாம். இரவில் தூக்கத்தைக் கெடுப்பதில் ஒளியைவிடப் பார்க்கும் விஷயத்துக்குப் பெரிய பங்கு உண்டு. சண்டை வீடியோவைக் கண்ணாடி போட்டுப் பார்த்தாலும் மனம் படபடக்கத்தான் செய்யும்.

மொத்தமாக விட்டுவிடுவதா, குறைப்பதா? மூன்று மாதமாக எதிலும் நாட்டமில்லை, போனை மட்டும் பார்த்துக்கொண்டு கிடக்கிறேன். போன் பார்த்ததால் இப்படி ஆனேனா என்றும் தெரியவில்லை.
*– வாசகர், திருவண்ணாமலை*

முதல் பாதிக்கு: குறைத்தாலே பலன் தெரிகிறது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 143 மாணவர்களை வைத்து நடந்து 2018-ல் வெளியான ஆய்வில், ஒரு பிரிவினர் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், ஸ்னாப்சாட் ஒவ்வொன்றையும் நாளுக்குப் பத்து நிமிஷத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். மூன்று வாரத்தில் அவர்களிடம் தனிமை உணர்வும் மனச்சோர்வு அறிகுறிகளும் குறைந்தன.

இரண்டாவது பாதிதான் எங்களைக் கவலைப்பட வைக்கிறது. எதிலும் நாட்டமின்மை இரண்டு வாரத்தைத் தாண்டி, பெரும்பாலான நாட்களில் இருந்தாலே அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். உங்களுக்கு மூன்று மாதம் ஆகிவிட்டது. போன் பார்த்ததால் சோர்வு வந்ததா, சோர்வு வந்ததால் போனுக்குள் போனீர்களா என்பதை நீங்களே தனியாக உட்கார்ந்து கண்டுபிடிக்க வேண்டாம், சிகிச்சை தொடங்க அந்த விடை தேவையும் இல்லை. அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐ அழையுங்கள். இலவசம், 24 மணி நேரமும் இயங்கும், தமிழில் பேசலாம். உயிரை விடும் எண்ணம் ஒருமுறை வந்திருந்தாலும் இன்றே அழையுங்கள், வீட்டில் ஒருவரிடமும் சொல்லுங்கள். இலங்கை வாசகர்களுக்கு 1926. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. பெங்களூரில் உள்ள தேசிய மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸில் இந்தப் பழக்கத்துக்கென்றே 2014 முதல் தனிப் பிரிவு இயங்குகிறது.

மருத்துவரிடம் போகும்போது மூன்று விஷயங்களைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்: போனின் செட்டிங்ஸில் 'டிஜிட்டல் வெல்பீயிங்' காட்டும் ஒரு வாரக் கணக்கின் ஸ்கிரீன்ஷாட், ஏழு நாள் படுத்த நேரமும் எழுந்த நேரமும் எழுதிய ஒரு தாள், இப்போது சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டு. 'போன் அதிகம் பார்க்கிறேன்' என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடாதீர்கள். எதிலும் நாட்டமில்லை என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.